பொறியைத் திறந்த பிறகு: அசோகமித்திரனின் ‘எலி’யும் ஒரு பனியன் ஊரும்

1

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ரெஜிஸ்டரைத் தெரிந்திருக்கும். வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வரும்போது தீயணைப்பு சிலிண்டர், கழிப்பறை, சம்பளப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அதில் ஒன்று பெஸ்ட் கண்ட்ரோல் ரெஜிஸ்டர். மடித்து வைத்த துணியில் எலி கடித்த ஓட்டையோ புழுக்கையோ இருந்தால் சரக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் இதில் யாரும் விளையாடுவதில்லை. கட்டடத்தின் வரைபடம் சுவரில் ஒட்டியிருக்கும். எந்த மூலையில் எத்தனையாம் நம்பர் எலிப்பெட்டி என்று அதில் சிவப்புப் புள்ளிகள். ரெஜிஸ்டரில் தேதி, பெட்டி எண், பிடிபட்டது எத்தனை, கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அந்த ரெஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. ஆடிட்டுக்கு முந்தைய வாரம், ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் வந்து கூப்பிட்டார். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த பசை அட்டையில் ஓர் எலி ஒட்டியிருந்தது. நான்கு காலும் வயிறும் பசையில். திமிறத் திமிற இன்னும் ஒட்டியது. உடம்பெல்லாம் பஞ்சுத் தூசியும் வெள்ளை நூலும். கத்தியது. எலி அவ்வளவு சத்தமாகக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“அதய அப்படியே மடிச்சு வேஸ்ட் டப்பால போட்ருங்க தம்பி. பாத்துட்டே நின்னீங்கன்னா அப்பறம் உங்களால முடியாது” என்றார் அக்கா.

மடித்தேன். டப்பாவுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரெஜிஸ்டரில் பெட்டி எண்ணுக்கு நேராக ‘1’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பசை அட்டை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது, இதை விற்கவும் பயன்படுத்தவும் விடக் கூடாது என்று 2011-லேயே இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மடிக்காமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், ஆடிட் வாரத்தில், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று ராத்திரி ரூமில் படுத்திருந்தபோது அசோகமித்திரனின் ‘எலி’ ஞாபகம் வந்தது. கல்லூரியில் படிக்கும்போது ‘நல்ல கதை’ என்று சொல்லிக் கடந்துபோன கதை. அதை இரண்டாம் முறை படித்தது பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

2

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கணேசன் வீட்டில் எலித் தொல்லை. பொறி இருக்கிறது, அதில் வைப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. ராத்திரி வெளியே போய் வடை வாங்கி வந்து மாட்டுகிறான். காலையில் எலி மாட்டியிருக்கிறது. வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ப் பொறியைத் திறக்கிறான். வெளியே வந்த எலியை ஒரு காகம் கொத்தித் தூக்கிப் போய்விடுகிறது. அவனுக்குத் துக்கம். பிறகு பொறிக்குள் பார்க்கிறான். எலி வடையைத் தொடவே இல்லை. இப்போது துக்கம் இன்னும் கூடுகிறது. கதை முடிந்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அசோகமித்திரனின் மனிதநேயம், எளிய நடை, கடைசி வரி என்ற மூன்றில் நின்றுவிடுகிறார்கள். மூன்றும் சரிதான். ஆனால் இரண்டாம் வாசிப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது துக்கங்களின் வரிசை.

காகம் எலியைக் கொத்தும்போது வருகிற துக்கம் யாருக்கும் வரும். யாரும் எழுதிவிடக்கூடியதும்கூட. ஒரு சாதாரண எழுத்தாளர் அங்கேயே கதையை முடித்திருப்பார். ‘காப்பாற்ற நினைத்தான், ஆனால் இயற்கை...’ என்று ஒரு முத்தாய்ப்பு வைத்திருப்பார். அசோகமித்திரன் அதற்குப் பிறகு கணேசனைப் பொறிக்குள் பார்க்க வைக்கிறார். தின்னாத வடை ஒரு சாவைவிட ஏன் அதிகமாக வலிக்க வேண்டும்?

நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பொறி வைக்கிறவன் மனதில் தனக்கே தெரியாமல் ஒரு கணக்கு ஓடுகிறது. உனக்குத் தின்ன ஒன்று கொடுத்தேன். அதற்கு ஆசைப்பட்டு நீ மாட்டிக்கொண்டாய். நான் உன்னைக் கொல்லவும் இல்லை, கொண்டுபோய் விட்டுவிட்டேன். கணக்கு நேர். இரையை ‘ஆசை காட்டுவது’ என்று சொல்வதே இதனால்தான். மாட்டிக்கொண்டதில் மாட்டியவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அந்தச் சொல் நம்மைத் தேற்றுகிறது. தின்னாத வடை அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. எலிக்கு வடை கிடைக்கவில்லை, விடுதலையும் கிடைக்கவில்லை. கணேசன் கொடுத்ததாக நினைத்த எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. காகம் செய்ததற்கு அவன் பொறுப்பில்லை என்று சொல்லிவிடலாம். வடையை அப்படிச் சொல்ல முடியாது. அது அவன் வாங்கியது, அவன் மாட்டியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வடை சும்மா கிடைத்ததில்லை. வீட்டில் எலிக்கு வைக்கக்கூட மிச்சம் இல்லை என்பதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. ராத்திரியில் நடந்துபோய்க் காசு கொடுத்து வாங்கிய வடை. ஒரு கீழ்நடுத்தர வீட்டின் சிக்கனம் முழுவதும் அதில் இருக்கிறது. ‘வீணாய்ப் போச்சே’ என்ற ஒரு சின்ன வருத்தமும் அந்தப் பெரிய துக்கத்துக்குள் கலந்திருக்கலாம். கலந்திருப்பதால் துக்கம் மட்டமாகிவிடுவதில்லை. நமக்கு வருகிற துக்கமெல்லாம் இப்படிக் கலப்படமாகத்தான் வருகிறது.

கதையில் காகம் வில்லன் இல்லை. எலி சாதுவும் இல்லை. இதைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை உயிர்கள், யாரும் எப்போதும் கொல்லலாம் என்பவற்றின் பட்டியல். அதில் எலியும் இருந்தது, காகமும் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். கணேசனுடைய மைதானத்தில் சந்தித்துக்கொண்ட இரண்டும் பல ஆண்டுகள் ஒரே பட்டியலில்தான் இருந்தன. கதை அந்த இரண்டையும் எந்தப் பட்டியலிலும் வைக்கவில்லை.

3

எலியை மையமாக வைத்த ஒரு சினிமாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2019-இல் நெல்சன் வெங்கடேசன் இயக்கத்தில் வந்த ‘மான்ஸ்டர்’. எஸ்.ஜே.சூர்யா மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அஞ்சனம் அழகிய பிள்ளை. வள்ளலார் வழியில் நடக்கிறவர், எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று இருப்பவர். சொந்த வீடு வாங்கிப் போனால் அங்கே ஓர் எலி. ஜீவகாருண்யம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் படம்.

எனக்குப் பிடித்த படம்தான். தியேட்டரில் நன்றாகச் சிரித்தேன். ஆனால் படம் ஒரு சுலபமான வழியை எடுத்துக்கொள்கிறது. எலிக்கு ஒரு குணத்தையும் சாமர்த்தியத்தையும் ஒரு நியாயத்தையும் கொடுக்கிறது. மெல்ல மெல்ல அது நமக்குப் பிடித்துப்போகிறது. பிடித்துப்போன பிறகு கருணை காட்டுவதில் கஷ்டமே இல்லை. படம் நம்மிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: பிடிக்காத எலிக்கு என்ன செய்வாய்?

அசோகமித்திரன் அந்தக் கேள்வியிலிருந்து நகர்வதில்லை. கணேசனின் எலிக்கு முகம் கிடையாது, கதை கிடையாது, பெயர் கிடையாது. அது நல்ல எலியா கெட்ட எலியா என்று யாருக்கும் தெரியாது. அது கடைசிவரை தொல்லையாகவே இருக்கிறது. துக்கத்துக்கு அது ஒரு தடையும் இல்லை. நமக்குப் பிடித்தமானவற்றின் மேல் மட்டும் வருகிற இரக்கத்தைவிட இது ஒரு படி மேலே நிற்கிறது என்று நினைக்கிறேன்.

4

பொறி நம் இலக்கியத்துக்குப் பழசு. சங்கப் பாடல்களில் ‘அடார்’ என்று ஒரு கற்பொறி வரும். நற்றிணையில் ஒரு குறிஞ்சிப் பாட்டில், தினையைத் தின்ன வரும் பன்றிக்காக வைத்த சின்னப் பொறியில் ஒளிவிடும் புலி மாட்டிக்கொள்கிறது. ஒன்றுக்கு வைத்தால் இன்னொன்று மாட்டும் என்பது அன்றைக்கே தெரிந்த உண்மை. ஆனால் அந்தப் பாட்டு மாட்டியதோடு பொறியை விட்டுவிட்டு அகத்துக்குப் போய்விடுகிறது. அதன் வேலை அது.

எங்கள் கொங்குப் பக்கம் வயல்வரப்பிலும் கோயில் ஓரத்திலும் புலிக்குத்திக் கற்கள் நிற்கின்றன. புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நட்டவை. அவற்றில் ஆளையும் செதுக்கியிருப்பார்கள், புலியையும் செதுக்கியிருப்பார்கள். செத்தவன் யாரென்று மறந்துபோனாலும் கல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் நம் காலத்துச் செய்தியை வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர் பக்கம் பி.கே.புதூரில் மூடிக் கிடந்த குடோனுக்குள் ஒரு சிறுத்தை புகுந்தது. வனத்துறை வாசலில் கூண்டு வைத்துக் காத்திருந்து, ஐந்து நாள் கழித்து அது தானாக வந்து மாட்டியது. அந்தப் பரபரப்பு அடங்குமுன் திருப்பூரில் ஒன்று. அவிநாசி அருகே பாப்பான்குளத்தில் சோளக்காட்டுக்குள் இருந்த சிறுத்தை ஆட்களைத் தாக்கியது. பிறகு ஊருக்குள்ளேயே வந்து, அம்மாபாளையத்தில் ஒரு பனியன் வேஸ்ட் குடோன் பக்கம் பதுங்கியது. ஜனவரி 27 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அந்த வாரம் எங்கள் கம்பெனியில் நைட் ஷிப்டுக்கு ஆளே வரவில்லை. பயம் நிஜம். காயம்பட்டவர்களும் நிஜம். பிடித்த வனத்துறை ஊழியர்களின் துணிச்சலையும் குறைத்துச் சொல்ல முடியாது.

என் விமர்சனம் செய்தியின் வடிவத்தைப் பற்றியது. ‘போக்கு காட்டிய சிறுத்தை சிக்கியது, பொதுமக்கள் நிம்மதிப் பெருமூச்சு.’ ஒவ்வொரு முறையும் இதே முடிவு. பெருமூச்சு விட்டதும் கதை முடிந்துவிடும். கடைசி வரியில் ‘அடர்ந்த வனப்பகுதியில் விடப்பட்டது’ என்று வரும். அந்த ‘விடப்பட்டது’க்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை.

மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் ஒரு குழு அதைப் பின்தொடர்ந்து பார்த்தது. 2001 முதல் 2003 வரை அங்கே கரும்புக்காட்டுச் சிறுத்தைகளை நிறையப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வித்யா அத்ரேயாவும் அவர் சகாக்களும் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. சிறுத்தைகளை விட்ட இடங்களைச் சுற்றி மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியிருந்தது என்று அது காட்டியது. பழகிய இடத்திலிருந்து பிடுங்கிப் புது இடத்தில் போட்ட மிருகம். அங்கே ஏற்கெனவே இன்னொரு சிறுத்தை இருக்கும். ஒன்று தன் பழைய இடத்தைத் தேடி நடக்கும், இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்குள் வரும். பிடித்து வேறு இடத்தில் விடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று அதே 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் சொன்னது. வீட்டில் பிடிக்கும் பாம்புக்கும் ஏறத்தாழ இதே கதைதான். தொலைவில் கொண்டுபோய் விட்டால் வளையும் தெரியாமல் இரையும் தெரியாமல் அலைகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு ‘எலி’க்குத் திரும்பினால், கணேசன் செய்த ஒரு காரியம் பெரிதாகத் தெரிகிறது. பொறியைத் திறந்தவுடன் அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரும்பாலும் நாம் அதைத்தான் செய்கிறோம். எலிப்பொறியைச் சாக்கடை ஓரத்தில் திறந்துவிட்டு, ‘கொல்லல, விட்டுட்டோம்’ என்று சொல்லிக்கொண்டு திரும்பி நடக்கிறோம். அவன் நின்று பார்த்தான். மீண்டும் பொறிக்குள்ளும் பார்த்தான். நான் வாசித்தவரையில், பொறியைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்காகவே எழுதப்பட்ட கதை இது. ‘விட்டுவிட்டேன்’ என்ற சொல்லுக்குள் நாம் எவ்வளவு ஒளித்து வைக்கிறோம் என்பதைச் சில பக்கங்களில் இது காட்டிவிடுகிறது.

பிடித்து விடுவதே பொய் என்று சொல்ல வரவில்லை. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. 1972 சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பு போன மக்கள் அவர்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அது போகிறது. அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவரை போனார்கள். 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அவர்கள் விடுவதற்கும் நாம் விடுவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாம்பு எங்கே இருக்கும், என்ன தின்னும் என்று தெரிந்த கை அது. நம் கைக்குத் தெரிந்தது கண்ணில் படக் கூடாது என்பது ஒன்றுதான்.

5

நண்பன் ஒருவனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிறவன். “இதெல்லாம் மிடில் கிளாஸ் குற்றவுணர்ச்சிடா. ஷிப்டுக்கு நானூறு ஐநூறுக்கு நிக்கிறவங்களுக்கு எலி மேல இரக்கப்பட ஏது டைம்? அசோகமித்திரன் கதையில வர்ற சோகமே கொஞ்சம் சொகுசான சோகம்தான்” என்றான்.

எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். திருப்பூரைப் பற்றி எழுதியவர்கள் மனிதர்களைத்தான் முதலில் எழுதினார்கள். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ சாயத்தண்ணீரை எழுதியது. எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ பனியனோடு வளர்ந்த இளைஞர்களை எழுதியது. நொய்யல் செத்துக்கொண்டிருக்கும்போது, லைன் வீட்டில் ஒரே ரூமில் ஆறு பேர் படுத்திருக்கும்போது, எலிக்கு என்ன என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த லைன் வீட்டில்தான் எலியும் இருக்கிறது. பனியன் வேஸ்டை இழுத்துப் போய் மெத்தென்று கூடு கட்டுவதும், ராத்திரி காலைக் கடிப்பதும் அங்கேதான். எலியோடு உண்மையில் வாழ்கிறவர்கள் அவர்கள். இரக்கம் சொகுசு என்றால் அதை அவர்களிடமே கேட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

அதற்கு முன் இன்னொன்று. பசை அட்டையை நிறுத்தலாம் என்று நான் ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். மாதம் ஒருமுறை வரும் பெஸ்ட் கண்ட்ரோல் பையனிடம் கூண்டு வைக்கலாமே என்றேன்.

“வைக்கலாங்கண்ணா. புடிச்சத எங்க கொண்டுபோய் விடறதுண்ணா? இங்கருந்து அடுத்த கம்பெனிக்குத்தான் போகும். இல்லீன்னா தண்ணி பக்கெட்டுல முக்கோணும். மத்த எடத்துல அதான் பண்றோம்” என்றான்.

நேர்மையான பதில். என்னிடம் மறுபேச்சு இல்லை. பிறகு அவனே ஒன்று சொன்னான். ஷட்டருக்கு அடியில் கட்டைவிரல் நுழைகிற சந்து இருக்கிறது, ராத்திரி வேஸ்ட் மூட்டை உள்ளேயே கிடக்கிறது, டீ டைம் பன் துணுக்கெல்லாம் டேபிளுக்கு அடியில் இருக்கிறது. இந்த மூன்றையும் சரி செய்தால் பெட்டியே பாதி வேண்டாம். ஷட்டருக்கு ரப்பர் பட்டை அடித்தோம். வேஸ்ட் மூட்டையை ராத்திரிக்குள் வெளியே எடுக்கச் சொன்னோம். ரெஜிஸ்டரில் எண் குறைந்தது, பூஜ்ஜியம் ஆகவில்லை. பசை அட்டையும் முழுசாகப் போகவில்லை. மூன்று இடத்தில் இன்னும் இருக்கிறது. நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இலக்கியம் படித்ததால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. கணேசனும் கதை முடிவில் நல்லவனாவதில்லை. மறுநாள் இன்னொரு எலி வந்தால் அவன் மறுபடி வடை வாங்கத்தான் போவான். கதை அவனைத் திருத்தவில்லை. அவன் செய்ததை அவனைப் பார்க்க வைத்தது. ஒரு கதையால் அதிகபட்சம் முடிந்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அது சின்ன விஷயமும் இல்லை. பிடிபட்டது எத்தனை என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நிற்கிறது. முன்பு நின்றதில்லை.

போன மாதம் டீ டைமில் அந்தப் பேக்கிங் அக்காவிடம் ‘எலி’ கதையைச் சொன்னேன். அன்றைக்கு மடித்துப் போடச் சொன்ன அதே அக்கா. வாசித்துக் காட்டவில்லை, என் வார்த்தையில் சொன்னேன். வடை வாங்கப் போனதைச் சொன்னபோது சிரித்தார். காகம் வந்ததைச் சொன்னபோது “அது அப்படித்தானுங்க தம்பி” என்று டீயைக் குடித்தார். கடைசியாக வடையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அந்த வடயவாச்சும் தின்னுருக்கலாம், பாவம்” என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு டேபிளுக்குப் போனார்.